ஒன்றும் செய்யாத மேடை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஒரு கேள்வி. ஒரு நாற்றுமேடையை ஒன்றும் செய்யாமல் சும்மா விட உங்களால் முடியுமா? எல்லோரும் தலையாட்டுகிறீர்கள். இப்படித் தலையாட்டுகிறவர்கள் இன்னும் தோட்டத்துக்குள் இறங்காதவர்கள். நான் ஓய்வுபெறும் வரைக்கும் பங்கசு என்கிற பூஞ்சணங்களோடுதான் சீவித்தேன். இலையில் வரும் பங்கசு, வேரில் வரும் பங்கசு, வெட்டிய மரத்தை நீலமாக்கும் பங்கசு எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். அவற்றில் ஒன்றுகூட என்னை அலைக்கழித்தது கிடையாது. என்னை அலைக்கழித்தது மனிதருடைய இரக்கம். அதற்கு அடிக்க இன்னும் ஒரு மருந்தும் வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது, யாழ்ப்பாணத்தில் யுத்தகாலம். வெளியிலிருந்து வரவேண்டியவை பாதையில் எங்கேயோ நின்றுவிடும். சவர்க்காரம் நின்றது, மண்ணெண்ணெய் நின்றது, கடைசியில் எங்கள் பங்கசுநாசினியும் நின்றது. மற்றவர்கள் மண்ணெண்ணெய்க்கு அழுதார்கள். கோப்பாய்த் தோட்டக்காரர் எங்களிடம் வந்து மருந்துக்கு அழுதார்கள். மாரி மழை தொடங்கியதும் மிளகாய் நாற்றின் அடித்தண்டு நனைந்த நூல் மாதிரி மெலியும். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று மண்ணில் படுத்திருக்கும். அடியழுகல் என்பார்கள். நாற்று போனால் அந்த வருடத்து மிளகாய் போனது. மிளகாய் போனால் அந்த வீட்டில் எதெது போகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஒரேயொரு ரின் மருந்து, ஒரு தகரப் பேணி அளவு, மிஞ்சியிருந்தது. அதை ஊர் முழுக்கப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு மணம்தான் கிடைக்கும். ஆகவே மருந்து இல்லாமல் நாற்றைக் காப்பாற்ற வழி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி எனக்குக் கட்டளை வந்தது. கட்டளையிட்டவரை நாங்கள் பெரியவர் என்றுதான் சொல்வோம். தாவர நோயில் அவரை வெல்ல ஆள் இல்லை. பேச்சு மிகக் குறைவு. வாயைத் திறந்தால் அநேகமாக ஒரு விடயத்துக்குத்தான் திறப்பார்: மருந்தடித்த தெளிகருவியைக் கழுவாமல் வைக்கக் கூடாது. கோயிலுக்குப் போகிறாரோ இல்லையோ, தெளிகருவியைக் கழுவுவதில் அவரைப்போல் பக்தரை நான் கண்டதில்லை. இதை ஞாபகம் வைத்திருங்கள்.

பரீட்சைக்கு நான்கு மேடைகள். முதலாவதற்கு ரின் மருந்து. இரண்டாவதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த நீலத் தண்ணீர். மூன்றாவதில் விதைக்குமுன் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்து மண்ணைச் சுடுவது. நாலாவதற்கு ஒன்றும் இல்லை. நான்கிலும் நோய் மண்ணைக் கலந்துவிட வேண்டும். நாலாவது மேடை சாகவேண்டும். அது செத்தால்தான் மற்றவை எங்கள் வைத்தியத்தால் பிழைத்தன என்று சொல்லலாம். அதுவும் பிழைத்துவிட்டால், அந்த மண்ணில் நோயே இருக்கவில்லையோ என்று யாராவது கேட்பார்கள். அப்படிக் கேட்பது நியாயம்.

முதலில் நோய் மண் எடுக்கப் போனேன். இந்த வேலையில் நோயைத் தேடி வீடு வீடாகப் பிச்சை எடுக்கவும் வேண்டிவரும் என்று பல்கலைக்கழகத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு, "உங்கடை நாத்திலை அழுகல் இருக்கோ?" என்று கேட்டால், கலியாணம் பேசப் போன இடத்தில் குடும்பத்தில் விசர் பிடித்தவர் இருக்கிறாரா என்று கேட்டது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எங்களிடம் அப்படி ஒன்றும் இல்லை, வேண்டுமானால் பக்கத்து வீட்டில் பாருங்கள் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த வீட்டைக் காட்டினார். அப்படியே அந்தச் சின்னத் தெரு, ஒழுங்கை முழுக்கச் சுற்றி முதல் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன். அந்த ஒழுங்கையின் அழுகலால்தான் முந்திய வருடம் எங்கள் நிலையத்து வாசல் நிறைந்திருந்தது.

மறுநாள் பெரியவர் ஒரு உரப்பையை என் மேசைக்குக் கீழே வைத்தார். உள்ளே மண். முதல்தரமான நோய் மண். எங்கிருந்து என்று கேட்க வாயெடுத்தேன்.

"கேக்காதை பிள்ளை," என்றார். அவர் வீட்டுக் கொல்லையிலும் மிளகாய் போட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.

நிலம் தந்தவர் செல்லத்துரை அண்ணை. கோயிலுக்குப் போகிற தெருவோடு ஒட்டிய செம்மண் தோட்டம். நல்ல கிணறு, நல்ல மனிதர். ஒரு சதமும் வாங்கவில்லை. அவருடைய மனைவி பரமேஸ் அக்கா எனக்குத் தேத்தண்ணி தராமல் ஒருநாளும் அனுப்பியதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நவரத்தினத்தார். இவர் கத்தரி நட்டால் அவர் பெரிய கத்தரி நடுவார். அவர் கிணறு இறைத்தால் இவர் ஏற்கெனவே இறைத்திருப்பார். மற்றபடி இருவருக்கும் ஒரு கோபமும் இல்லை, கதைப்பதில்லை, அவ்வளவுதான். அந்த வருடம் மருந்து கேட்டு ஊரே நவரத்தினத்தாரிடம் போயிருந்தது. முந்திய வருடம் அவர் நிறைய வாங்கினார் என்று ஒரு கதை. தன்னிடம் ஒரு துளியும் இல்லையென்று அவர் கோயில் இருந்த திசையைக் கும்பிட்டுச் சொல்லியிருந்தார்.

மேடை கட்டி, மண் கலந்து, விதை போட்டோம். நாலாவது மேடையைக் காட்டி, இதற்குத் தண்ணீர் தவிர ஒன்றும் வேண்டாம், இது சாகவேண்டிய மேடை என்று செல்லத்துரை அண்ணைக்கு விளங்கப்படுத்தினேன். அவர் நன்றாக விளங்கியது என்றார். பரமேஸ் அக்காவுக்கும் சொன்னேன். அவர் அந்த மேடையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

நாற்று முளைத்த நேரம் பார்த்து ஒரு கிழமைக்கு மேல் எனக்குக் கோப்பாய்ப் பக்கம் போக முடியவில்லை. ஏன் என்று அந்தக் காலத்தில் இருந்தவர்கள் கேட்கமாட்டார்கள். பெரியவர் மட்டும் அந்தப் பக்கம் குடியிருந்தபடியால், மருந்தடிக்கிற வேலையைத் தானே பார்ப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தோட்டக்காரருக்கு மேடைகளைக் காட்டுவதற்குக் குறித்த நாளன்றுதான் நான் மறுபடி போய்ச் சேர்ந்தேன். அதைத் தள்ளிப்போடவும் வழியில்லை. ஊர் விதைப்புக்குத் தயாராக இருந்தது. வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

தோட்டத்தில் சனம் கூடியிருந்தது. நான் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு உள்ளே போனேன். ரின் மருந்து மேடை பரவாயில்லை. நீல மருந்து மேடை இடையிடையே சொட்டை. சுட்ட மண் மேடை நல்ல மேடை, எனக்கு உள்ளுக்குள் சந்தோசம் வந்தது. அடுத்ததாக நாலாவதைப் பார்த்தேன்.

என்னத்தைச் சொல்ல. ஒரு நாற்று விழவில்லை. கரும்பச்சையில் நெருக்கமாக, தடிப்பாக, மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வரும் நாளில் நிற்கும் பெண் மாதிரி நின்றது. செத்திருக்க வேண்டிய மேடை அது.

சனம் அதைச் சுற்றி நின்று பார்த்தது. நடுவில் இருந்த ஒருவர், எது எதற்கு என்ன செய்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மறைக்க முடியாது. சொன்னேன். அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப ஒண்டும் செய்யாமல் விட்டால்தான் நாத்து நல்லாய் வருது. உதைத்தானே பிள்ளை படிச்சுக் கண்டுபிடிச்சிருக்கு."

எல்லோருக்கும் மகிழ்ச்சி. மருந்து தேடத் தேவையில்லை, வைக்கோல் தேடத் தேவையில்லை, சும்மா விதைத்துவிட்டுச் சும்மா இருக்கலாம். என்னைப் பாராட்டிவிட்டுச் சிலர் சைக்கிளை எடுக்கவும் தொடங்கினார்கள். இவர்கள் இப்படியே போய் விதைத்தால், அந்தக் கருமுகில் கொட்டியதும் ஊரில் ஒரு நாற்று மிஞ்சாது. அதற்குக் காரணம் என்னுடைய பரீட்சையாக இருக்கும். பெரியவரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

நான் குனிந்து மேடையைப் பார்த்தேன். இலையின் கீழ்ப்பக்கம் நீலமாக ஒரு கறை. மயில்துத்தம். தண்டடியில் வெள்ளையாக ஒன்று. விரலால் தொட்டேன், அடுப்புச் சாம்பல். மூக்கை வைத்தேன், ரின் மருந்தின் மணம், அதுவும் வேலிப் பக்கத்தில்தான் அதிகம். ஒன்றும் செய்யாத மேடைக்கு யாழ்ப்பாணத்தில் இருந்த அத்தனை வைத்தியமும் நடந்திருந்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்? யார் இதைச் செய்தது என்று கேட்டிருப்பீர்கள். எனக்கும் அதுதான் நாக்கு நுனி வரை வந்தது. கேட்டிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள். செல்லத்துரை அண்ணை சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என்ரை தோட்டத்திலை அப்பிடி நடக்காது என்றிருப்பார். அழுகலே இல்லாத ஒழுங்கையின் ஊர் அது, நினைவிருக்கட்டும். குற்றம் என்று கேட்டால் அந்த ஊரில் ஆள் கிடையாது. பெருமை என்று கேட்டால்?

எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னேன். "இந்த மேடைதான் எல்லாத்திலையும் திறம். ஆனால் உதுக்கு ஆரோ என்னவோ செய்திருக்கினம். செய்தது ஆர் எண்டு தெரிஞ்சால், இந்த முறைக்கு அவரின்ரை பேரையே வைக்கலாம்."

சைக்கிளை எடுத்தவர்கள் மறுபடி சாத்தினார்கள். பிறகு பரமேஸ் அக்கா முன்னுக்கு வந்தார்.

"நான்தான் பிள்ளை ஒவ்வொரு காலமையும் சாம்பல் தூவினனான். மற்ற மூண்டுக்கும் ஆள் இருக்கு, உது மட்டும் அநாதையாய் நிக்குது. பாக்கப் பாவமாய் இருந்தது."

செல்லத்துரை அண்ணைக்குப் பொறுக்கவில்லை. அடுப்புச் சாம்பலில் இப்படி வருமா என்று மனைவியைக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, நீலத் தண்ணீரில் மிச்சம் இருந்ததையெல்லாம் அள்ளி ஊற்றியது தான்தான் என்றார். ஊரே கோயிலுக்குப் போகிற தெரு, தன் தோட்டத்தில் நாற்று செத்துக்கிடந்தால் போகிறவன் வருகிறவன் என்ன நினைப்பான் என்று கேட்டார். இரண்டு பேரும் அந்த இடத்திலேயே சாம்பலா நீலமா என்று வழக்காடத் தொடங்கினார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு செருமல். நவரத்தினத்தார். அவருடைய முகத்தில் ஒரு பெரிய யுத்தம் நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பேசாமல் இருந்தால் அவருடைய இரகசியம் காப்பாற்றப்படும். ஆனால் செல்லத்துரையின் பெயர் அந்த முறைக்கு விழுந்துவிடும்.

"உவையள் ரெண்டு பேரும் சும்மா கதைக்கினம்," என்றார் நவரத்தினத்தார். "உந்த நோய் வேலி தாண்டி என்ரை நாத்துக்கு வரக்கூடாதெண்டு நானெல்லோ வேலி ஓட்டைப் பொட்டுக்குள்ளாலை மருந்தடிச்சனான். நல்ல ரின் மருந்து."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது கேட்டது. தோட்டத்தில் நின்ற எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. அவருடைய வாசல் படலையில் போத்தலோடு போய் நின்று வெறுங்கையோடு திரும்பியவர்கள் அந்தக் கூட்டத்தில் பாதிக்கு மேல். ஒருவரும் ஏசவில்லை. ஒருவர் மட்டும், அண்ணை, பின்னேரம் வீட்டிலை நிப்பியளோ என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நான் தெளிகருவி கழுவின தண்ணியையும் உதுக்குத்தான் ஊத்தினது," என்றார். "மற்ற மேடையளிலை ஊத்தினால் பரீட்சை பிழைச்சுப் போகுமெல்லோ. இதிலைதான் ஒண்டும் இல்லையே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது, இரண்டையும் மேலதிகாரிக்கு முன்னால் காட்ட முடியாது. சனம் தாராளமாகச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் நான் விடயத்துக்கு வந்தேன். ஒன்றும் செய்யாத மேடை என்று ஒன்று இங்கே இல்லை, இது எல்லாம் செய்த மேடை, சும்மா விட்டால் நாற்று சாகும் என்றேன்.

முதலில் என்னைப் பாராட்டியவர் விடவில்லை. "சாகும் எண்டு சொல்லுறியள். ஆர் கண்டது?"

நியாயம். ஒருவரும் காணவில்லை, நான் உட்பட. விதைப்பைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். மழை முதலில் விழட்டும், அந்த மழையில் இன்னொரு மேடையைப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். பரீட்சையில் இருந்த நம்பிக்கையைவிட, இந்த இரண்டு வீட்டுக் கூத்தின் மிச்சத்தைப் பார்க்கும் ஆசைதான் பெரிது என்று நினைக்கிறேன்.

அதே மண்ணில், அதே தோட்டத்தில் புது மேடை கட்டினோம். காவல் போட எனக்கு ஆள் இல்லை. தேவைப்படவும் இல்லை. முறைக்குத் தன் பெயர் விழாவிட்டாலும் பரவாயில்லை, மற்றவரின் பெயர் விழக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில் மூவரும் ஒருவரையொருவர் காத்தார்கள். செல்லத்துரை அண்ணை மேடைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். நவரத்தினத்தார் வேலிப் பொட்டைப் பெரிதாக்கினார். பரமேஸ் அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தால் இருவரும் அவருடைய கையைப் பார்த்தார்கள். பெரியவரிடம் நான் நேரடியாகவே சொன்னேன், தெளிகருவியை நிலையத்தில் கழுவுங்கள் சேர் என்று. அவர் அந்தத் தெருவால் வருவதையே நிறுத்திவிட்டார்.

நாற்று முளைத்தது. மழை கொட்டியது. மழை விட்ட காலையில் நான் போனபோது படலைக்குள் நுழைய முடியாத அளவுக்குச் சனம். மேடையில் நாற்று எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து படுத்திருந்தது. என் பரீட்சை வென்றுவிட்டது. நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் குனிந்து ஒரு நாற்றை நிமிர்த்திவிட்டேன், அது மறுபடி சாய்ந்தது. வேண்டுமென்றே சாகவிட்டது நான். ஊரின் மற்ற நாற்றுகளுக்காகத்தான் அது என்று அறிவுக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

பரமேஸ் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். கையில் சிரட்டை, சிரட்டையில் சாம்பல்.

"இப்ப போடலாமோ பிள்ளை?"

"போடுங்கோ அக்கா."

அவர் மேடை முழுக்க மெதுவாகத் தூவினார். ஒரு பிரயோசனமும் இல்லை என்று அவருக்கும் தெரியும். செல்லத்துரை அண்ணை சால்வையைத் தோளிலிருந்து எடுத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நவரத்தினத்தாரும் எழுந்து நின்றார்.

அதற்குப் பிறகு ஒருவரும் என்னிடம் சந்தேகம் கேட்கவில்லை. வெயில் வந்ததும் வைக்கோல் போரைப் பிரித்து உள்ளே காய்ந்து கிடந்ததை எடுத்து, மேடை மேடையாக எரித்தார்கள். காய்ந்த வைக்கோல் இல்லாதவர்கள் நவரத்தினத்தாரின் படலையில் போத்தலோடு வரிசையில் நின்றார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் ஊற்றிக் கொடுக்கும்போது, உந்த மருந்துதான் அண்டைக்கு அந்த மேடையைக் காப்பாத்தினது என்று சொல்லாமல் விடவில்லை.

ஊர் முழுக்க ஒரே நேரத்தில் புகை எழும்பினால் என்ன நடக்கும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. காலத்தை நினைத்துப் பாருங்கள். கோப்பாய் எரிகிறது என்று கொடிகாமம் சந்தை வரைக்கும் கதை போய்விட்டது. என்னுடைய கூடப்பிறந்த அண்ணை அங்கிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். நான் முகமெல்லாம் கரியோடு ஒரு மேடைக்கு உமி பரப்பிக்கொண்டு நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உயிரோடு இருப்பதற்காக அவரிடம் நான் வாங்கிய ஏச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த வருடம் கோப்பாயில் மிளகாய் காய்த்தது. சந்தைக்கு மூட்டை போகும்போது செல்லத்துரை அண்ணையும் நவரத்தினத்தாரும் ஒரே லாண்ட்மாஸ்ரர் உழவு வண்டியில் போனார்கள், கதைக்காமல்.

பிறகு நான் வைத்த பரீட்சைகளில் எல்லாம், மேலிடத்துக்குச் சொல்லாமல் ஒரு மேடை கூடுதலாகக் கட்டினேன். நான்கு கட்டச் சொன்னால் ஐந்து. ஐந்தாவதில் யாரும் எதுவும் செய்யலாம். சாம்பல் போடலாம், நீலத் தண்ணீர் ஊற்றலாம், தெளிகருவி கழுவலாம், கவலையாக இருந்தால் பக்கத்தில் குந்தியிருந்து பார்க்கலாம். இரக்கத்தைத் தடுக்க முடியாது. அதற்கு ஒரு இடம் காட்டிவிட்டால், சாகவேண்டிய மேடை நிம்மதியாகச் சாகும். நீங்களும் கட்டுங்கள். அறிக்கையில் எழுத வேண்டாம்.

அந்த ஐந்தாவது மேடைகளில் செத்த நாற்றை நான் கண்டதே இல்லை. எங்கள் வீட்டுக் கறிக்குத் தூள் இடித்தது எல்லாம் அதில் வந்த மிளகாய்தான்.